மார்பகப் புற்றுநோய்க்குப் பின் 71 வயதில் உடற்பயிற்சி: அம்மா பால்குடம் எடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கில் வசிக்கும் ஒரு மகள், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கும் தம் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாயாருக்கு வயது 71. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டு, அக்குளிலிருந்து 14 நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்பட்டன. அதன்பின் கீமோ, கதிர்வீச்சு. இப்போது நோய் திரும்பாமலிருக்கத் தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. நோய் திரும்பவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று உறவினர்கள் அக்கறையோடு வீட்டு வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்த அம்மாள் வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏறும் 18 படிகளில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறார். சோபாவிலிருந்து எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வருகிற தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக அவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. இந்த வயதில் உடற்பயிற்சி செய்யலாமா, செய்தால் கை வீங்கிவிடாதா, பால்குடம் எடுக்க முடியுமா என்பவையே மகளின் கேள்விகள்.

தங்கையே, டர்பனில் 26 ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்பவள் என்ற முறையில் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யலாம், செய்யவும் வேண்டும். முறையாகப் படிப்படியாகச் செய்தால் கை வீங்கும் ஆபத்து கூடுவதில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருப்பதால், மருத்துவர் இதயத்தையும் எலும்பையும் பார்த்துவிட்டுச் சரி என்றால், பால்குடமும் எட்டாத ஆசையன்று. ஆனால் நீங்கள் எல்லோரும் கையைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில் அம்மாவின் கால்கள் வலுவிழந்துவிட்டன. படியில் நிற்பதற்கும் சோபாவில் தவிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசை கரைந்திருப்பதுதான். ஆகவே வேலையைக் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தசை ஏன் கரைந்தது என்பதை விளங்கிக்கொண்டால்தான் அம்மாவே பயிற்சிக்கு மனமிசைவார். வயதாக ஆக எல்லோருக்கும் தசை குறைகிறது. அது மெதுவாக நடப்பதால் நாம் கவனிப்பதில்லை. கீமோ நடக்கும் மாதங்களில் சோர்வு, வாந்தி, பசியின்மை, படுக்கை எல்லாம் சேர்ந்து, பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய இழப்பைச் சில மாதங்களுக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. முதியோர் புற்றுநோய் மருத்துவத்துக்குத் தம் வாழ்நாளை அளித்த ஆர்த்தி ஹூரியா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களைக் கீமோவுக்கு முன்னும் பின்னும் கவனித்தார்கள். கீமோ முடியும்போது நூற்றுக்கு 42 பேருக்கு உடல் இயக்கம் குறைந்திருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் திரும்பவில்லை. உங்கள் அம்மா அந்த இரண்டாவது கூட்டத்தில் நிற்கிறார். சிகிச்சை முடிந்தபின் வேலை எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்தது அவரை அங்கேயே நிறுத்திவிட்டது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் சொந்தப் பெரியம்மாவுக்கு, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில், நாங்களும் இதையேதான் செய்தோம். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை அரிசி கழுவக்கூட விடவில்லை. கை கடைசிவரை வீங்கவேயில்லை. ஆனால் நான்கு ஆண்டு கழித்துக் குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் அவர் தனியாக நடக்கவில்லை. கையைக் காப்பாற்றி அவரை இழந்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. இந்தத் துறைக்குள் நான் இவ்வளவு ஆழமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கையைப் பற்றிய பயம் வெறும் பேச்சிலிருந்து வந்ததன்று. அக்குளில் முடிச்சுகளை எடுத்துவிட்டால், கையிலிருந்து நிணநீர் வடியும் பாதைகள் குறைந்துவிடுகின்றன; கதிர்வீச்சு அந்தப் பாதைகளை மேலும் இறுக்கக்கூடும். நீர் தேங்கினால் கை கனக்கும், வீங்கும், சில வேளை அதிலே தொற்றும் ஏற்படும். ஆகவே "கையை அசைக்காமல் வைத்திருந்தால் நீர் தேங்காது" என்று நெடுங்காலமாக மருத்துவர்களும் சொல்லி வந்தார்கள். 1996ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களைப் படகுப் போட்டிக்குப் பயிற்றுவித்தார். மேற்கையால் திரும்பத் திரும்பத் துடுப்புப் போடும் கடுமையான வேலை அது. கை வீங்கிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது நடக்கவில்லை. அந்தப் பெண்கள் படகை விட்டு இறங்கவும் இல்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய படகுக் குழுக்கள் இருக்கின்றன.

உறுதியான விடை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காத்ரின் ஷ்மிட்ஸ் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைப் பற்றி 2009இல் வெளிவந்த முடிவின்படி, வாரம் இருமுறை எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை; வீக்கம் திடீரென்று மோசமாகும் நிகழ்வுகள் தூக்காதவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கும், தூக்கியவர்களில் 14 பேருக்கும் ஏற்பட்டன. கை வீங்காத 154 பெண்களைப் பற்றிய முடிவு 2010இல் வந்தது. புதிதாக வீக்கம் கண்டவர்கள் தூக்கியவர்களில் நூற்றுக்கு 11, தூக்காதவர்களில் 17. உங்கள் அம்மாவைப் போல ஐந்தோ அதற்கு மேலோ முடிச்சுகளை இழந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த எண்கள் 7, 22 என்று இன்னும் விலகி நிற்கின்றன. தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் நிணநீரைப் பிழிந்து மேலே தள்ளுகிறது என்பதும், பழகிய கை திடீர்ப் பாரத்தால் புண்படுவதில்லை என்பதுமே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தப் பெண்களையே பின்னால் வேறு கோணத்தில் பார்த்தபோது, ஓராண்டில் உடல் இயக்கம் சரிந்தவர்கள் எடை தூக்காத பிரிவில் நூற்றுக்கு 16 பேர், தூக்கிய பிரிவில் 8 பேர் என்று தெரிந்தது.

இந்த முடிவுகளைப் படித்துவிட்டு நாளைக்கே பத்துக் கிலோ அரிசி மூட்டையை அம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டாம். அந்தப் பெண்கள் தொடங்கியது மிகக் குறைந்த எடையில். முதல் 13 வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தார். கையில் தொந்தரவு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த எடைக்குப் போனார்கள். இடையில் சில நாள் விட்டுப்போனால் எடையைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். வீக்கம் உள்ளவர்கள் அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையை அணிந்துகொண்டு தூக்கினார்கள். அந்த நிதானத்தால்தான் அவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

இன்னொரு ஆய்வைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தாயார் ஓர் ஊரிலும் மகள் ஓர் ஊரிலும் இருக்கும் உங்கள் நிலைமைக்கு அது நேராகப் பொருந்துகிறது. மிரியம் மோரியும் வெண்டி டெமார்க்-வானஃபிரீடும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த, 65 வயதைக் கடந்த, உடல் பருத்த 641 பேர் சேர்ந்தார்கள். மார்பகம், பெருங்குடல், ப்ராஸ்டேட் ஆகிய புற்றுநோய்களிலிருந்து மீண்டு ஐந்து ஆண்டுகளாவது ஆனவர்கள். அவர்கள் ஜிம்முக்குப் போகவில்லை. தொலைபேசியில் ஒருவர் பேசி ஊக்கப்படுத்தினார். தபாலில் குறிப்புகள் வந்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் 15 நிமிடம் காலுக்கு வலுப்பயிற்சி, தினமும் 30 நிமிடம் நடை போன்ற பயிற்சி, கொஞ்சம் உணவுக் கட்டுப்பாடு என்பதே அவர்களுக்கு வகுக்கப்பட்ட இலக்கு. ஓராண்டில் எல்லோருக்கும் உடல் இயக்கம் சற்றுக் குறையத்தான் செய்தது. ஆனால் பயிற்சிக் குழுவில் குறைந்தது மற்றவர்களுக்குக் குறைந்ததில் பாதிக்கும் கீழ். ஆகவே நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாரம் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து "இன்றைக்கு எத்தனை முறை எழுந்தீர்கள் அம்மா?" என்று கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பயிற்சிக்கு முன் அளந்து பாருங்கள். கையில்லாத நேரான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அம்மாவை உட்காரச் சொல்லி, இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30 விநாடியில் முழுமையாக எழுந்து நின்று உட்கார எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் கால் வலு சராசரிக்குக் கீழே என்று கொள்ளலாம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் அந்த எண்ணிக்கை சுழியம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான். அடுத்து, நான்கு மீட்டர் தூரத்தைத் தரையில் குறித்து, வழக்கமான நடையில் கடக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது. மூன்றாவதாக, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து ஒரே கோட்டில் பத்து விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூன்று எண்களையும் தேதியோடு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

எண்ணும்போது எப்படி எழுகிறார் என்பதையும் கவனியுங்கள். என்னிடம் வரும் பெண்களில் பலர், எழுவதற்கு முன் முழங்கால்களை உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்தி, ஒரு முறை பின்னால் சாய்ந்து வேகம் எடுத்துக்கொண்டு, "முருகா" என்று மூச்சுவிட்டு எழுகிறார்கள். கேட்டால், முழங்கால் வலி என்றுதான் சொல்வார்கள். முழங்கால்கள் உள்ளே ஒட்டுவது இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருப்பதைக் காட்டும். பின்னால் சாய்ந்து வேகம் எடுப்பது தொடைத் தசையால் தனியே தூக்க முடியவில்லை என்பதைக் காட்டும். இரண்டுமே பயிற்சியில் மாறக்கூடியவை.

ஆனால் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். முதலாவது இதயம். இடது பக்கத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது. கீமோவில் சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டாக்ஸோரூபிசின் இருந்திருந்தாலோ, டிராஸ்டுசுமாப் ஊசி போட்டிருந்தாலோ இதயத் தசை தளர வாய்ப்பு உண்டு. படியில் மூச்சு வாங்குவது கால் பலவீனத்தால்தான் என்று நான் நினைத்தாலும், இதயத்தின் எக்கோ ஸ்கேனைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்வது பொறுப்பாகாது. இரத்தசோகையும் அதே மூச்சுத் திணறலைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டாவது எலும்பு. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உடலில் எஞ்சியிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் குறைத்துவிடுவதால் எலும்பு வேகமாக மெலியும். டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது பாதம். பாக்ளிடாக்ஸெல் போன்ற கீமோ மருந்துகள் பாத நரம்புகளை மரக்கச் செய்யும். செருப்பு கழன்று போனதே தெரியாமல் நடக்கிறார், இருட்டில் தடுமாறுகிறார் என்றால் அது நரம்புப் பிரச்சினை. அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போதே பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இவை சரியாக இருந்தால், நாற்காலிதான் முதல் பயிற்சி. கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால், நாற்காலியில் கெட்டியான மெத்தை ஒன்றோ இரண்டோ போட்டு இருக்கையை உயர்த்துங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்படி முன்னே சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதும் தசைக்கு நல்ல வேலை. எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும். தசை வளர்வது ஓய்வு நாளில்தான். எட்டு முறை எளிதாகி, பன்னிரண்டு முறைகூடச் செய்ய முடியும் என்று அவரே சொல்லும் நாளில் ஒரு மெத்தையை எடுத்துவிடுங்கள். மெத்தைகள் போனபின், ஒரு கிலோ மாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாத பயிற்சியால் தசை வளராது. வயதானவர்களுக்கு நாம் கொடுக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது பயிற்சி அந்தப் படிதான். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் நம் மக்களை ஊருக்கு வெளியே மேடுபள்ளமான சரிவுகளில் குடியமர்த்தியபோது வீடுகளுக்கு நேர்ந்த படிகள் இன்றும் நம் முதியவர்களை வீட்டுக்குள் அடைக்கின்றன. எத்தனையோ பாட்டிமார் கோயிலுக்குப் போவதை விட்டது பக்தி குறைந்ததால் அன்று, வாசற்படியால். கீழ்ப் படியில் மட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் எட்டு முறை ஏறி இறங்கி, பிறகு இடது காலால் எட்டு முறை. கைப்பிடி இல்லை என்றால் இந்த வாரமே ஒரு குழாய்க் கம்பி பொருத்த ஏற்பாடு செய்யுங்கள். எந்த மருந்தையும்விட அது அவசரம். இவற்றோடு, சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதும், அங்கேயே நின்று காலைப் பக்கவாட்டில் விரிப்பதும், தினமும் இரண்டு நிமிடம் ஒரே கோட்டில் நின்று பழகுவதும் போதும்.

நடை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் நடை மட்டும் போதாது. நடையால் மூச்சும் இதயமும் பழகும். நாற்காலியிலிருந்து எழுப்பும் வலுவை அது அதிகம் கூட்டாது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் தலைமையில் கூடிய நிபுணர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும், வாரம் மூன்று நாள் 30 நிமிட மூச்சுப் பயிற்சியோடு வாரம் இருமுறை வலுப்பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. சாட்ஸ்வொர்த்துச் சாலைகளில் ஏற்றம் அதிகம், தனியாக நடப்பது பாதுகாப்பும் அன்று. பக்கத்து வீட்டு அக்கா ஒருவரோடு காலையில் கோயில் வளாகத்தைச் சுற்றலாம், அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது டர்பன் கடற்கரை நடைபாதைக்கு அழைத்துப் போகலாம். அங்கே தரை சமம், உட்கார இடமும் உண்டு. பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். தேவாரம் பாட மூச்சு இடம் கொடுக்கக் கூடாது. அந்த வேகமே சரியான வேகம்.

காலையில் எழுந்ததும் விரல், முழங்கால், கணுக்கால் எல்லாம் இறுகி வலிக்கிறது, அதனால் பயிற்சி வேண்டாம் என்று அம்மா சொல்லக்கூடும். அந்த வலி பெரும்பாலும் மாத்திரையால் வருவது. அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடும் பெண்களை நான் அறிவேன், அது நோய் திரும்புவதற்குக் கதவைத் திறப்பது போன்றது. யேல் பல்கலைக்கழகத்தின் மெலிண்டா இர்வின் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகை மாத்திரையால் மூட்டு வலி கண்ட 121 பெண்களில், வாரம் 150 நிமிட நடையும் இருமுறை வலுப்பயிற்சியும் செய்தவர்களுக்கு ஓராண்டில் மிக மோசமான வலியின் அளவு நூற்றுக்கு 29 குறைந்தது. மற்றவர்களுக்குச் சற்றுக் கூடியது. ஆரிகனில் கெரி விண்டர்ஸ்-ஸ்டோன் 106 பெண்களிடம் செய்த இன்னோர் ஆய்வில், ஓராண்டு வலுப்பயிற்சி முதுகெலும்பின் அடர்த்தி குறையாமல் தடுத்தது. அந்த ஆய்வில் குதிப்பதும் இருந்தது. டெக்ஸா முடிவைப் பார்க்காமல் அம்மா குதிக்க வேண்டாம். எலும்பு மெலிந்திருந்தால் முன்னால் குனிந்து தரையிலிருந்து பாரம் தூக்குவதும், இடுப்பைத் திருகுவதும் கூடாது.

இனிக் கை. பால்குடம் தலையில் இருக்கும்போது இரண்டு கைகளும் காதோரம் வரை உயர்ந்து நிற்க வேண்டும். ஊர்வலத்தில் அந்த நிலையை நெடுநேரம் தாங்க வேண்டும். எனவே பாரத்துக்கு முன் தோள் இளக வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, இடது கைவிரல்களைச் சுவரில் நண்டு ஏறுவது போல ஏற்றி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் கோடு ஏறுவதைப் பார்ப்பது நான் சொல்லும் எந்த ஊக்க வார்த்தையையும்விட வலிமையானது. கையை உயர்த்தும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல ஒன்று புடைத்து இழுத்தால் பயப்பட வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கு அது வருகிறது, பிசியோதெரபிஸ்ட் மெதுவாக நீட்டிவிடுவார். கை காதைத் தொடும் அளவு வந்தபின் சுவரைத் தள்ளும் பயிற்சியும், ரப்பர் பட்டையைக் கதவில் கட்டிப் பின்னால் இழுப்பதும், அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தோளுயரம் தூக்குவதும் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டினால் போதும். ஒரு லிட்டர் பாலும் சிறிய பித்தளைக் குடமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ. ஐந்து மாதத்தில் அங்கே போய்ச் சேர முடியும். ஒவ்வொரு மாதமும் இரண்டு கைகளையும் மணிக்கட்டில், முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, மேலே என்று தையல் நாடாவால் அளந்து எழுதுங்கள். இரண்டு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு முதல் அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடினாலும், மோதிரமோ வளையலோ இறுகினாலும், கை கனமாகத் தோன்றினாலும் எடையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வீக்கமே இல்லாதவருக்கு அழுத்த உறை கட்டாயமில்லை.

உணவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசை வளரப் புரதம் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். ரொட்டியும் தேநீருமாகக் காலை உணவை முடிக்கும் பழக்கம் நம் முதியவர்களிடம் உண்டு. அதில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ சேரட்டும். புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் மீனும் கோழியும் நிற்கும்போது, பருப்பு, பீன்ஸ், சுண்டல், தயிர், பால் ஆகியவற்றின் அளவு கூட வேண்டும். ஒருவேளை உணவு என்ற விரதம் இந்த வருடம் அம்மாவுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

தைப்பூசத்தன்று நான் உண்மையில் அஞ்சுவது பாதத்துக்காக. ஜனவரி, பிப்ரவரி மாத டர்பன் வெயிலில் தார்ச்சாலை எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மரத்துப்போன பாதம் சுடுவதை உணராது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்புளித்திருப்பதைப் பார்த்தார். ஆற ஏழு வாரம் ஆயிற்று. அம்மாவுக்குப் பாதத்தில் மரமரப்பு இருந்தால் கெட்டியான அடி கொண்ட துணிக் காலணி அணியட்டும். கோயிலாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழு ஊர்வலமும் நடக்க வேண்டியதில்லை; கடைசிப் பகுதியில் சேர்ந்துகொண்டு கோயிலுக்குள் குடத்தைக் கொண்டு போகலாம். தண்ணீர்ப் புட்டியோடு ஒருவர் இடது பக்கத்தில் நடக்கட்டும், கை தளர்ந்தால் குடத்தை வாங்கிக்கொள்ள.

பயிற்சிக் காலத்தில் நெஞ்சில் அழுத்தம், படுத்தால் மூச்சு முட்டுதல், கணுக்கால் வீக்கம், தலைசுற்றல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று. மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. ஓய்விலும் இரவிலும் ஓரிடத்தில் விடாமல் வலிக்கும் எலும்பு வலியைத் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உறவினர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். வாங்கிக்கொண்ட வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த வாரம் துணி காயப்போடுவது: ஈரத் துணி இருக்கும் வாளியை வேறொருவர் கொண்டுவந்து நாற்காலி மேல் வைக்கட்டும், அம்மா ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டட்டும், தோளுக்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் எழுதித் தர முடியாது. அடுத்த மாதம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பிறகு கடைக்குப் போய் இரண்டு கிலோ அரிசியை வாங்கி இரண்டு பைகளில் பிரித்துத் தூக்கி வருவது. எட்டு வாரம் கழித்து நாற்காலிப் பரிசோதனையை மறுபடி செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி எனக்கு அனுப்புங்கள். குடத்தில் எவ்வளவு பால் ஊற்றலாம் என்பதை அப்போது முடிவு செய்வோம்.